38 பவுண்டு ஜின்னைத் திரும்பவும் ருசி பார்த்தோம்

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

லண்டனிலிருந்து பேசுகிறேன். இன்றைக்குப் பேச்சு ஜின் பற்றி. குடிக்கும் பழக்கம் இல்லாதவர்கள் தாராளமாக இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். கொத்தமல்லி விதை, அதிமதுரம், நடுவட்டம் இதெல்லாம் நடுவில் வரும், அதற்காக இருந்தாலும் சந்தோஷம்தான்.

முதலில் ஒரு கணக்கைத் தீர்க்க வேண்டும். சில மாதங்களுக்கு முன்னால் ஒரு ஜின்னைப் பற்றி இங்கே ரொம்பப் புகழ்ந்து பேசினேன். 38 பவுண்டு பாட்டில். "சும்மாவும் குடிக்கலாம், டானிக்குக்கும் ஆகும், காக்டெயிலுக்கும் ஆகும், கொடுக்கிற காசுக்குத் தகும்" என்று சொன்னேன். இப்போது திரும்பக் கேட்டால் எனக்கே கூசுகிறது. போன மாதம் க்ராய்டனிலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். பெயர் வேண்டாம். கிடங்கில் இரவு ஷிப்ட் வேலை. அவருடைய அண்ணன் ஊரிலிருந்து முதல் முறையாக வந்திருக்கிறார். அண்ணனுக்கு நல்லதாக ஒன்று ஊற்றிக் கொடுக்க வேண்டும் என்று என் பேச்சைக் கேட்டு இரண்டு பாட்டில் வாங்கிவிட்டார். 76 பவுண்டு. டானிக் ஊற்றிக் கொடுத்தபோது அண்ணன் ஒரு வாய் குடித்துவிட்டு, "டேய், இதுல சரக்கு ஊத்துனியா இல்லையா?" என்று கேட்டாராம். தம்பி கோபமாக எழுதவில்லை. "நான் கலந்த விதம் தப்பா அண்ணே?" என்றுதான் கேட்டிருந்தார். அந்தக் கேள்விதான் என்னைப் படுத்திவிட்டது. ஏனென்றால் அவர் கலந்ததில் தப்பே இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தப் பேச்சுக்கே அர்த்தமில்லை. அந்தப் பாட்டிலை நான் காசு கொடுத்து வாங்கவில்லை. தயாரிக்கிற இடத்துக்குக் கூப்பிட்டார்கள், போனேன். செம்புப் பாத்திரத்தைக் காட்டினார்கள், நல்ல சாப்பாடு போட்டார்கள், கிளம்பும்போது கையில் ஒரு பாட்டில் கொடுத்தார்கள். அதை நான் அன்றைக்குச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைத்துச் சொல்லாமல் விடவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை, அது இன்னும் மோசம். விலை கொடுக்காத ஆள் விலைக்குத் தகுமா என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே திரும்பச் சொல்லப் போவதில்லை. தப்பு ஜின்னுடையது அல்ல, என்னுடையது.

அதனால் இந்த முறை ஒழுங்காகச் செய்தோம். மூன்று பாட்டில், ஆறு பேர், கண்ணுக்குத் தெரியாமல் ருசி பார்ப்பது. அது எப்படி நடந்தது என்பதற்கு முன்னால், டிரை ஜின் என்றால் என்ன என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் ருசி பார்த்து என்ன பயன்?

ஜின் என்பது அடிப்படையில் வாசனை ஏற்றிய சாராயம். தானியத்திலிருந்து வாசனையே இல்லாத சுத்தமான ஆல்கஹாலை எடுத்து, அதில் ஜுனிபர் என்கிற காயையும் வேறு சில விதை, வேர், தோல் வகைகளையும் போட்டு மறுபடி வடிக்கிறார்கள். ஜுனிபர் பார்க்கப் பழம் மாதிரி இருக்கும், உண்மையில் பழம் இல்லை, பைன் மரத்துக் கூம்பு வகையைச் சேர்ந்தது. வாசனையும் அதே இனம்தான். கொடைக்கானலில் பைன் காட்டுக்குள் நடந்திருப்பீர்கள், காலடியில் நசுங்கிய ஊசி இலை வாசனை வரும் பாருங்கள், அதைக் கொஞ்சம் கூர்மையாக்கிக்கொள்ளுங்கள். வீட்டில் குங்கிலியம் போட்டுப் புகை காட்டியவர்களுக்கு அதிலும் இதன் சாயல் தெரியும்.

"லண்டன் டிரை" என்று பாட்டிலில் போட்டிருந்தால் அது ஊரின் பெயர் அல்ல, செய்முறையின் பெயர். உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் செய்யலாம். ஐரோப்பியச் சட்டப்படி எல்லா வாசனையும் இயற்கைச் செடி கொடிகளிலிருந்து, அந்த வடித்தலின்போதே வர வேண்டும். பிறகு எசென்ஸ் ஊற்றக் கூடாது, நிறம் சேர்க்கக் கூடாது. இனிப்பு லிட்டருக்கு 0.1 கிராமுக்கு மேல் போகக் கூடாது. அதாவது இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். "டிரை" என்ற சொல்லுக்கு அர்த்தமும் அதுதான், சர்க்கரை இல்லாதது. ஒரு காலத்தில் ஜின்னில் இனிப்புச் சேர்ப்பார்கள், ஓல்ட் டாம் என்று அந்த வகைக்குப் பெயர். 1830-இல் ஏனியஸ் காஃபி என்பவர் தொடர்ந்து வடிக்கிற கருவி ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். அது பரவிய பிறகு சுத்தமான ஆல்கஹால் மலிவாகக் கிடைத்தது. நாற்றத்தை மறைக்க சர்க்கரை போட வேண்டிய தேவை குறைந்தது.

வெறும் "ஜின்" என்று மட்டும் போட்ட பாட்டிலில் எசென்ஸ் கலந்திருந்தாலும் சட்டப்படி சரிதான். குறைந்தபட்சம் 37.5 சதவீதம் ஆல்கஹால் இருக்க வேண்டும், ஜுனிபர் முன்னால் தெரிய வேண்டும். இரண்டாவது விதியை இன்றைக்கு எத்தனை பேர் மதிக்கிறார்கள் என்பது வேறு கதை. அலமாரியில் வரிசையாக நிற்கிற இளஞ்சிவப்புப் பாட்டில்களைப் பார்த்தால் ஜுனிபர் எங்கே என்று தேடத் தோன்றும்.

சரி, பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது? இந்த இடத்தில் நம் ஆட்களுக்கு ஒரு வசதி. ஜுனிபருக்கு அடுத்தபடியாக ஜின்னில் முக்கியமானது எது தெரியுமா? கொத்தமல்லி விதை. நம்ம மல்லிதான். வறுக்காத மல்லியை உள்ளங்கையில் வைத்து நசுக்கி மோந்து பாருங்கள். குழம்பு ஞாபகம் வராது, ஆரஞ்சுத் தோல் மாதிரி, கொஞ்சம் பூ மாதிரி ஒரு வாசனை வரும். லினலூல் என்கிற பொருள்தான் காரணம், லாவெண்டர் பூவிலும் அது இருக்கிறது. வறுத்ததும் அது மாறிப் போகிறது, அதனால்தான் நமக்கு மல்லி என்றால் வேறு ஞாபகம். ஜின் செய்பவர்கள் வறுப்பதில்லை.

அதற்கப்புறம் ஏஞ்செலிகா வேர். அதற்கு நம்மிடம் வழக்கமான பெயர் இல்லை. பழைய மரப்பெட்டியைத் திறந்தால் வருகிற உலர்ந்த மண் வாசனை. குடித்த பிறகு நாக்கை வறட்டுகிற அந்த முடிவு பெரும்பாலும் அதிலிருந்து வருவது. பிறகு அதிமதுரம், தொண்டை கட்டினால் வாயில் போட்டு அடக்கிக்கொள்வோமே, அதே குச்சி. அதன் இனிப்பு ஆவியாகி வடிதலில் வராது. ஆனால் ஒரு வழவழப்பைக் கொடுக்கிறது என்று வடிப்பவர்கள் சொல்கிறார்கள். டான்கரே ஜின்னில் இந்த நான்கே நான்குதான்: ஜுனிபர், மல்லி, ஏஞ்செலிகா, அதிமதுரம். பீஃப்ஈட்டரில் ஒன்பது, அவற்றில் செவில் ஆரஞ்சுத் தோலும் எலுமிச்சைத் தோலும் உண்டு, வடிப்பதற்கு முன் 24 மணி நேரம் ஊற வைக்கிறார்கள். பாம்பே சஃபையரில் பத்து, அதில் நம்ம வால்மிளகும் ஒன்று. அங்கே ஊற வைப்பதில்லை, கூடையில் வைத்து ஆல்கஹால் ஆவியை அதன் வழியாக விடுகிறார்கள். அதனால் வாசனை லேசாக வரும்.

எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள். "நாற்பது மூலிகை" என்று எழுதியிருக்கும் பாட்டிலைப் பார்த்தால் எனக்கு நாற்பது காய் போட்ட சாம்பார்தான் ஞாபகம் வருகிறது.

இனி ருசி பார்க்கிற முறை. கண்ணாடி டம்ளர் வேண்டாம், வாய் குறுகிய சின்ன வைன் கோப்பை போதும். ஒரு கோப்பைக்கு 15, 20 மில்லி. குளிர வைக்காதீர்கள், குளிர்ந்தால் குறை மறைந்துவிடும். மோந்து பார்க்கும்போது மூக்கைக் கோப்பைக்குள் விட்டு இழுத்தால் ஆல்கஹால் எரிச்சல்தான் தெரியும். வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு, கொஞ்சம் தள்ளி வைத்து மோந்து பாருங்கள். அப்புறம் ஏறக்குறைய அதே அளவு தண்ணீர் ஊற்றுங்கள். 40 சதவீதம் 20-க்கு வந்துவிடும். தொழிலில் இருப்பவர்களும் இப்படித்தான் பார்க்கிறார்கள், கலப்பதற்கு முன் 20 சதவீதம் வரை இறக்கிவிட்டுத்தான் மூக்கை வைப்பார்கள். எரிச்சல் போய் உள்ளே ஒளிந்திருப்பது வெளியே வரும். மோசமாக வடித்திருந்தால் இங்கே மாட்டிக்கொள்ளும். நெயில் பாலிஷ் வாசனை, ஈர அட்டைப்பெட்டி வாசனை வந்தால் அந்தப் பாட்டிலோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

துப்புவதற்குத் தனியாக ஒரு பாத்திரம் வைத்துக்கொள்ளுங்கள். கூச்சப்படாதீர்கள். 40 சதவீத ஜின் 25 மில்லி என்றால் இங்கே கணக்கில் ஒரு யூனிட், வாரத்துக்கு 14-க்கு மேல் வேண்டாம் என்கிறார்கள். மூன்று பாட்டிலை மூன்று விதமாகப் பார்த்து எல்லாவற்றையும் விழுங்கினால், நாலாவது கோப்பையிலிருந்து நீங்கள் சொல்கிற தீர்ப்பை யாரும் எழுதிக்கொள்ள வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். முதல் பாட்டில் கார்டன்ஸ், 37.5 சதவீதம், அன்றைக்கு 16 பவுண்டு. இரண்டாவது டான்கரே, 43.1 சதவீதம், 22 பவுண்டு. மூன்றாவது நான் புகழ்ந்த அந்த 38 பவுண்டு ஜின், 40 சதவீதம். ஒரு வேடிக்கை, கார்டன்ஸும் டான்கரேவும் ஒரே நிறுவனத்தினுடையவை. இரண்டையும் வடிப்பது ஸ்காட்லாந்தில், கேமரன்பிரிட்ஜ் என்ற ஒரே இடத்தில். இரண்டும் லண்டன் டிரைதான்! கார்டன்ஸ் 1769-இல் தொடங்கியது. இந்த நாட்டில் அதன் ஆல்கஹால் அளவை 40-இலிருந்து 37.5-க்கு 1992-இல் குறைத்தார்கள். வெளிநாட்டு விமான நிலையங்களில் அதே பெயரில் 47 சொச்சம் சதவீதத்தில் மஞ்சள் லேபிள் பாட்டில் கிடைக்கும். வாங்கும்போது அந்த எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

ஏன் அந்த எண் முக்கியம்? போதைக்காகச் சொல்லவில்லை. ஜுனிபர் எண்ணெய் தண்ணீரில் கரையாது, ஆல்கஹாலில்தான் கரையும். ஆல்கஹால்தான் வாசனையைத் தூக்கிக்கொண்டு வருகிற வண்டி. 50 மில்லி ஜின்னுக்கு 150 மில்லி டானிக் ஊற்றினால் எல்லாம் நாலில் ஒரு பங்காகிவிடும். 37.5 ஒன்பது சொச்சமாகிறது, 43.1 பதினொன்றுக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஐஸ் உருக உருக இரண்டும் இன்னும் இறங்கும். சின்ன வித்தியாசம் போலத் தெரியும், வாயில் சின்னதாக இல்லை.

என் மனைவி ஊற்றினார், அவர் குடிப்பதில்லை, அதனால் நம்பகமான நீதிபதி. கோப்பைக்கு அடியில் எண் ஒட்டிவிட்டுச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டார். ஆறு பேரில் ஒரு மாமா இருந்தார், முப்பது வருஷமாக இங்கே இருக்கிறார், பிராந்தி தவிர வேறு எதையும் சரக்கு என்று ஒப்புக்கொள்ளாதவர். "ஜின் பொம்பளைங்க குடிக்கிறதுடா" என்று சொல்லிக்கொண்டேதான் உட்கார்ந்தார். நம் ஊரில் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், அதைப் பற்றி இன்னொரு நாள் சண்டை போடலாம்.

முதல் சுற்று, தண்ணீர் மட்டும். 38 பவுண்டு ஜின் ஜெயித்தது. ஆறில் நாலு பேர் அதை முதலில் வைத்தார்கள், நானும் ஒருவன். நல்ல ஜின்தான் அது, சந்தேகமே இல்லை. பூ வாசனை, தேயிலை, வெள்ளரி மாதிரி ஒரு பச்சை வாசனை, எங்கேயும் எரிச்சல் இல்லை. செம்புப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் மயங்கியதும் இப்படித்தான், அங்கே எனக்குக் கொடுத்ததும் தண்ணீர் தொட்ட வெறும் ஜின்தான். டான்கரே சிலருக்குக் காரமாகப் பட்டது. கார்டன்ஸ் எலுமிச்சை வாசனையோடு அடக்கமாக இருந்தது. யாரும் குறை சொல்லவில்லை, யாரும் புகழவும் இல்லை.

இரண்டாவது சுற்று, டானிக். ஒன்றுக்கு மூன்று, ஒரே டானிக், ஒரே ஐஸ், எலுமிச்சை போடவில்லை. டானிக் என்பது சாதாரண ஆள் இல்லை. கசப்பு, இனிப்பு, புளிப்பு மூன்றையும் சேர்த்துக்கொண்டு வருகிறது. அந்தக் கசப்பு குயினைன், சிங்கோனா மரப்பட்டையிலிருந்து வருவது. மலேரியாவுக்கு மருந்து வேண்டும் என்று தென் அமெரிக்காவிலிருந்து நாற்றையும் விதையையும் கொண்டுவந்து 1860-களில் நீலகிரியில் நட்டார்கள். தொட்டபெட்டா பக்கமும் நடுவட்டத்திலும் தோட்டம் போட்டார்கள். நடுவட்டத்தில் தோட்ட வேலைக்காகக் கைதிகளைக் கொண்டுவந்து அடைத்த சிறை இன்றும் இருக்கிறது. கூடலூர் போகிற வழியில் தேநீர் குடிக்க நிறுத்துவீர்கள், அடுத்த முறை அதையும் எட்டிப் பாருங்கள். ஜின் டானிக் என்றால் வெள்ளைக்காரன் நாற்காலியில் சாய்ந்திருக்கிற படம்தான் நம் கண்ணில் வருகிறது, அந்தக் கசப்புக்கு மண் வெட்டியவர்கள் அந்தப் படத்தில் இல்லை.

சரி, முடிவு. 38 பவுண்டு ஜின்னை ஆறில் ஐந்து பேர் கடைசியில் வைத்தார்கள். பூவும் தேயிலையும் டானிக் கசப்புக்குள் எங்கே போயின என்றே தெரியவில்லை. டான்கரே அப்படியே நின்றது. ஜுனிபர் டானிக்கின் கசப்போடு மல்லுக்கட்டாமல், அதற்குத் தோள் கொடுக்கிற மாதிரி இருந்தது. பிராந்தி மாமா அந்தக் கோப்பையைக் கீழே வைக்கவே இல்லை. எனக்கு ஆச்சரியம் கொடுத்தது கார்டன்ஸ். கொஞ்சம் மெலிந்துதான் இருந்தது, ஆனாலும் அது ஜின் டானிக் என்று சொல்கிற மாதிரி இருந்தது. ஜின்னைக் கொஞ்சம் கூட்டி, ஒன்றுக்கு இரண்டாகக் கலந்து பார்த்தோம், டான்கரேக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. என் நாக்கு என்று ஒன்று இருக்கிறதே, எத்தனை வருஷமாக இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன்! மனைவியிடம் இன்னொரு சோதனை கேட்டேன். மூன்று கோப்பையும் டானிக் கலந்தவை. இரண்டில் 38 பவுண்டு ஜின், ஒன்றில் கார்டன்ஸ், எது வேறு என்று சொல்ல வேண்டும். கண்ணை மூடிக் குத்து மதிப்பாகச் சொன்னாலே மூன்றுக்கு ஒரு தடவை சரியாக வரும். நான் மூன்று தடவை முயன்றேன். ஒரு தடவைதான் சரி. சமையலறையிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம், அவ்வளவுதான்.

மூன்றாவது சுற்று நெக்ரோனி. ஜின், கம்பாரி, இனிப்பு வெர்முத் மூன்றும் சம பங்கு. இதை அதிகம் நீட்ட வேண்டியதில்லை. கம்பாரி ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் மாதிரி, பக்கத்தில் பலமான ஆள் இல்லாவிட்டால் அவர் மட்டும்தான் பேசுவார். டான்கரே பதில் பேசியது. மற்ற இரண்டும் எதிரில் கைகட்டி நின்றன. மார்ட்டினி மட்டும் கதையை மாற்றியது. ஐந்து பங்கு ஜின்னுக்கு ஒரு பங்கு டிரை வெர்முத், நன்றாகக் கலக்கிக் குளிர வைத்தது. அதில் அந்த விலை கூடிய ஜின் மறுபடி அழகாக எழுந்து வந்தது. மறைக்க யாரும் இல்லாத இடத்தில் அது பேசுகிறது. அதனால் அந்தத் தம்பி கேட்டதற்குப் பதில்: நீங்கள் கலந்த விதம் தப்பில்லை. கலக்கவே கூடாத ஜின்னை எல்லாவற்றுக்கும் ஆகும் என்று நான் சொன்னதுதான் தப்பு.

இப்போது காசுக் கணக்கு. இதில் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. இந்த நாட்டில் மது வரி, பாட்டிலுக்குள் எவ்வளவு சுத்த ஆல்கஹால் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 2023 ஆகஸ்டில் வைத்த வீதம் லிட்டர் சுத்த ஆல்கஹாலுக்கு 31.64 பவுண்டு, அதற்குப் பிறகு ஏறியிருக்கிறது. அந்தப் பழைய வீதத்திலேயே போட்டுப் பாருங்கள். 70 சென்டிலிட்டர் பாட்டில், 37.5 சதவீதம் என்றால் மது வரி மட்டும் 8.31 பவுண்டு. 16 பவுண்டு விலைக்குள் விற்பனை வரி இன்னொரு 2.67. இரண்டும் சேர்ந்து கிட்டத்தட்ட 11. மிச்சம் இருக்கிற 5 பவுண்டில்தான் ஜின், கண்ணாடி, மூடி, லாரி, கடைக்காரர் லாபம் எல்லாம். 22 பவுண்டு டான்கரேயில் வரி 13 சொச்சம், மிச்சம் 9-க்குக் கொஞ்சம் கீழே. 38 பவுண்டு பாட்டிலில் வரி 15 சொச்சம், மிச்சம் 23-க்குப் பக்கம்.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. 16-இலிருந்து 22-க்குப் போனால் நீங்கள் கூடக் கொடுக்கிற 6 பவுண்டில் பாதிக்கு மேல் பாட்டிலுக்குள் போக வாய்ப்பிருக்கிறது, ஆல்கஹாலும் கூடுகிறது. அந்த ஏற்றம் தகும் என்பது என் கருத்து. 22-இலிருந்து 38-க்குப் போகும்போது கூடக் கொடுக்கிற 16 பவுண்டில் வரி போக மிச்சம் 14. சின்னதாகச் செய்கிறவர்களுக்குச் செலவு அதிகம், ஒரு தடவைக்கு நூறு இருநூறு பாட்டில்தான் வடிக்கிறார்கள் என்றால் விலை கூடத்தான் செய்யும். அதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் பாட்டில் எவ்வளவு கனம் என்று கையில் தூக்கிப் பாருங்கள். மரக்கட்டை மூடி, புடைத்த எழுத்து, மெழுகு முத்திரை. அதையெல்லாம் டானிக்கில் ஊற்ற முடியாது.

ஒரு பாட்டிலில் 50 மில்லி வீதம் 14 கோப்பை வரும். கார்டன்ஸ் கோப்பைக்கு 1.14, டான்கரே 1.57, அந்த ஜின் 2.71. வாரக் கடைசியில் டானிக்கோடு ஒரு கோப்பை குடிக்கிற ஆளாக இருந்தால் அந்த வித்தியாசத்தை டானிக்கிலும் ஐஸிலும் போடுங்கள். பெரிய பிளாஸ்டிக் பாட்டில் டானிக் இரண்டாவது நாள் வாயு போய்ச் செத்துவிடும், 150 மில்லி சின்ன டப்பாக்கள் வாங்குங்கள். கோப்பை நிறைய ஐஸ் போடுங்கள், நிறையப் போட்டால்தான் மெதுவாக உருகும். நாலு கட்டி போட்டு மிச்சம் பிடிக்கிற நம் பழக்கம் ஜின்னைத் தண்ணீர் ஆக்கிவிடும்.

இந்தியாவில் இருப்பவர்கள் கேட்பீர்கள். அங்கே பெரும்பாலான சரக்கு 42.8 சதவீதம், ஆக அந்த வண்டி விஷயத்தில் இங்கே இருக்கும் மலிவு ஜின்னைவிட உங்களுக்கு வசதி. 2017-இல் கோவாவிலிருந்து கிரேட்டர் தேன் என்ற லண்டன் டிரை வந்தது. அதே ஆட்கள் ஹபுசா என்று இன்னொன்றையும் செய்கிறார்கள், இமயமலை ஜுனிபர், மஞ்சள், மாங்காய் எல்லாம் போட்டு. இரண்டையும் விருந்தாளியாக ஒவ்வொரு கோப்பை குடித்திருக்கிறேன், இப்போது சொன்ன மாதிரி வரிசையாக வைத்துப் பார்த்ததில்லை. அதனால் வாயை மூடிக்கொள்கிறேன், ஒரு தடவை சூடுபட்டது போதும்.

இனிமேல் எந்தப் பாட்டிலைப் பற்றிப் பேசினாலும் வாங்கியதா, கொடுத்ததா என்று முதல் நிமிஷத்திலேயே சொல்லிவிடுவேன். இன்றைக்குப் பேசியதில் கார்டன்ஸும் டான்கரேவும் என் காசு. எனக்குச் சும்மா கிடைத்த அந்தப் பாட்டில் எப்போதோ தீர்ந்துவிட்டது. சோதனைக்கு வைத்த 38 பவுண்டு ஜின் அந்தத் தம்பியுடையது. காசைத் திருப்பித் தருகிறேன் என்று எழுதினேன். "அதெல்லாம் வேணாம் அண்ணே, இன்னொரு பாட்டில் உடைக்காம இருக்கு, கொண்டு வரவா?" என்று கேட்டார். ஆறு பேரில் அவரும் ஒருவர். டானிக் சுற்றில் தன் ஜின்னை அவரே கடைசியில் வைத்தார், எண்ணைத் திருப்பிப் பார்த்ததும் ஐந்து நிமிஷம் சிரித்தார். கிளம்பும்போது மிச்சமிருந்த டான்கரேவை அவர் பையில் வைத்துவிட்டேன், அண்ணனுக்கு. அவருடைய பாட்டில் மூன்றில் ஒரு பங்கு குறையாக என் வீட்டில்தான் இருக்கிறது. ஒரு பாட்டில் வெர்முத் வாங்கி வைத்திருக்கிறேன், அண்ணன் ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் இரண்டு பேரும் மார்ட்டினிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அடுத்த பகுதியில் டானிக்கை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். நீங்கள் வாங்குவது எது, என்ன விலை என்று எழுதி அனுப்புங்கள்.